இரண்டு அங்குலப் பல்

லூன் ஏரிக்கரை
6 ஜனவரி 1999

ஐலிக்கு,

நான் நலம். நீயும் உன் தங்கை ஹெல்மியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். பதின்மூன்று நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

இது சமாதானக் கடிதம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நீ ஹெல்மியின் காரில் ஏறிப் போனபோது என் பனிவண்டி உதிரிபாகப் புத்தகமும் உன்னோடு போய்விட்டது. பால்கஞ்சிப் பானை சூடு ஆறாமல் இருக்க அதைத்தான் சுற்றிக் கட்டியிருந்தாய். உடனே தபாலில் அனுப்பவும். வண்டிக்கு அடியில் சுழன்று அதைத் தள்ளும் ரப்பர் பட்டை போய்விட்டது. குறுக்குக் குச்சி இரண்டு முறிந்து, ஓரத்தில் ஒரு முழத்துக்கு வாய் பிளந்து நிற்கிறது. பழைய டயர்த் துண்டை வைத்து போல்ட் முடுக்கி ஒட்டுப் போட்டிருக்கிறேன். புதுப் பட்டை வாங்க வேண்டும்.

எந்தப் பட்டை என்று யோசிக்க எதுவும் இல்லை. முப்பத்தொரு வருடமாக நான் போடும் குட்டைப் பட்டைதான். நூற்று இருபத்தோரு அங்குல நீளம், பனியைப் பிடிக்க ஒரு அங்குலப் பல். உன் கருத்தைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

அன்று நடந்தது பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஆழப் பனியில் புதைந்த வண்டி கிளம்பிவிட்டால் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி புதையும். இந்தச் சட்டத்தை நான் போடவில்லை. நீ இறங்கித் தள்ளினாய், வண்டி கிளம்பியது, நான் போனேன். சாலை முனையில், ஹெல்மியின் கார் பக்கத்தில், இன்ஜினை அணைக்காமல் உனக்காகக் காத்திருந்தேன். எத்தனை கணவன்மார் இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பார்கள்?

இப்படிக்கு,
ரெய்னோ கங்காஸ்

பின்குறிப்பு: கிடைப்பவருக்கு வருடம் முழுக்க அதிர்ஷ்டம் என்று பால்கஞ்சியில் போட்ட அந்த ஒற்றைப் பாதாம் யாருக்குக் கிடைத்தது? சும்மாதான் கேட்கிறேன்.

ஹான்காக்
10 ஜனவரி 1999

ரெய்னோவுக்கு,

மேலே 'அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

ஒரே ஒரு வார்த்தை என்று சொல்லிவிட்டு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அதில் விட்டுப்போனதை நான் எழுதுகிறேன். வண்டி கிளம்பியபோது நான் இடுப்பளவு பனியில் நின்றேன். "நில்லுங்க, நான் ஏறிக்கிறேன்!" என்று கத்தினேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். கையை ஆட்டினீர்கள். பிறகு பிர்ச் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டீர்கள். அறுபத்தெட்டு வயதில், கையில் பால்கஞ்சிப் பானையோடு, இரண்டு மைல் நடந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம். பானையைக் கீழே வைத்து இளைப்பாறக்கூட வழி இல்லை, வைத்தால் பானையும் புதையும்.

அப்படி வந்து சேர்ந்தவளிடம் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை நினைவிருக்கிறதா?

"வண்டி எப்படி வந்துச்சு, பாத்தியா?"

நாற்பத்து நான்கு வருடம் உங்களோடு வாழ்ந்தவளிடம் கேட்ட கேள்வி அது. அதனால்தான் நேராகக் காரில் ஏறினேன். காரில் ஹெல்மி, "அத்தானையும் ஏறச் சொல்லட்டுமாக்கா?" என்றாள். "வேணாம். அவரு நின்னா புதைஞ்சுருவாராம்" என்றேன்.

புத்தகத்தை அனுப்பமாட்டேன். ஹெல்மி பின்னல் போடும்போது நான் அதைப் படிக்கிறேன். நாற்பத்திரண்டாம் பக்கம் சொல்கிறது: சமப்படுத்திய தடத்துக்கு ஒரு அங்குலப் பல் போதும், ஆழப் பனிக்கு இரண்டு அங்குலம் வேண்டும், பட்டையும் நீளமாக இருந்தால்தான் வண்டி பனிமேல் மிதக்கும். நம் வீட்டிலிருந்து சாலை முனை வரை நாலு மைலுக்குத் தடமே கிடையாது. முப்பத்தொரு வருடமாக மிதக்காத வண்டியில் என்னை ஏற்றியிருக்கிறீர்கள்.

முடிவாகச் சொல்கிறேன். என்னை அழைத்துப்போக வரும் வண்டியில் இரண்டு அங்குலப் பல் இருக்க வேண்டும். இறங்கித் தள்ளும் வேலை இனி எனக்கு இல்லை. அதுவரை ஹெல்மி வீட்டு மாடியறை எனக்குப் போதும்.

தொலைபேசிக் கம்பி இழுக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பியவர் நீங்கள்தான். எழுதிக் கை வலிக்கட்டும்.

ஐலி

பின்குறிப்பு: பாதாம் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

லூன் ஏரிக்கரை
14 ஜனவரி 1999

ஐலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் கையை ஆட்டியதற்குக் காரணம், நீ உற்சாகத்தில் கத்துகிறாய் என்று நினைத்தது. இதை முன்பே நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது பட்டைக்கு வருவோம். புத்தகம் எழுதியவன் எங்கோ ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான். நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கற்றவன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் யாரும் தப்பாகவும் சொல்லித்தரவில்லை. சாலை முனையிலிருந்து ஹான்காக் வரை பத்தொன்பது மைல். பனிவண்டிக் கழகத்துக்காரர்கள் இழுவை போட்டு மேசை மாதிரிச் சமன் செய்த கெட்டித் தடம். மளிகைக்கும் தேவாலயத்துக்கும் குளிர்காலம் முழுக்க நாம் போவது அதில்தான். இரண்டு அங்குலப் பல் அந்தத் தடத்தில் மடிந்து மடிந்து சூடாகும். பட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சறுக்கைக் குளிர்விக்கப் பனித்தூள் எட்டாது, சறுக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். நீளப் பட்டை வளைவில் திரும்பாது. பசுமாட்டைப் படிக்கட்டில் திருப்புவது மாதிரி இருக்கும். நாலு மைல் சுகத்துக்காகப் பத்தொன்பது மைல் அவதியா? கணக்குப் போட்டுப் பார்.

தினமும் சாலை முனைத் தபால் பெட்டிக்கு இதே ஒட்டுப் போட்ட பட்டையில்தான் போய் வருகிறேன். உன் கடிதத்துக்காக என்று நினைக்காதே, செய்தித்தாளுக்காக. முதல் வாரத்தில் மூன்று முறை புதைந்தேன். மூன்று முறையும் தனியாகத் தோண்டி எடுத்தேன். இந்த வாரம் ஒரு முறைகூட இல்லை. குட்டைப் பட்டையின் திறமை அது.

காப்பி இருக்கிறது. ஏலக்காய் ரொட்டி தீர்ந்துவிட்டது. மத்தி டின் ஏராளமாக இருக்கிறது.

ரெய்னோ கங்காஸ்

ஹான்காக்
19 ஜனவரி 1999

ரெய்னோவுக்கு,

செய்தித்தாள் வியாழக்கிழமை மட்டும்தான் வரும்.

இதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நானும் ஹெல்மியும் பனிவண்டி ரிப்பேர் செய்யும் ரஸ்ஸலின் கடைக்குப் போனோம். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"ஓட்டம் எப்படிம்மா?"

"தடத்துல பத்தொம்பது மைலு. தடம் இல்லாம நாலு மைலு."

"அப்ப நடுவுல ஒண்ணு போடுங்க. நூத்தி முப்பத்தாறு நீளம், ஒன்றரை அங்குலப் பல்லு. ரெண்டு பக்கமும் சமாளிக்கும்."

"ரெண்டு அங்குலம்?"

"அது மலையேறுற பசங்களுக்கும்மா. ஒங்களுக்கு எதுக்கு?"

"நான் ரெண்டு மைலு நடந்தவப்பா."

கை துடைத்த துணியைக் கீழே போட்டான். கதை அவன் காதுவரை போயிருக்கிறது, தெரிந்தது. "அப்ப ரெண்டு அங்குலமே போட்டுருங்கம்மா" என்றான்.

கடைக்குப் பின்னால் கிடந்த நீளப் பட்டை வண்டியில் என்னை ஏற்றி ஓட்டவும் விட்டான். யாரும் கால் வைக்காத பனி, மார்பளவு. வண்டி அதன்மேல் வாத்து மாதிரிப் போனது. நடுவில் வேண்டுமென்றே நிறுத்தினேன். மறுபடி முடுக்கினேன். கிளம்பியது. ஆக, நிற்கலாம். நின்றுவிட்டுக் கிளம்பலாம். உலகத்தில் இது நடக்கிறது.

ஹெல்மி கைதட்டினாள். திரும்பி வந்து இறங்கும்போது மட்டும் விழுந்தேன். அதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் அவளே உங்களுக்கு எழுதிவிடுவாள்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். படியுங்கள்.

ஐலி

லூன் ஏரிக்கரை
23 ஜனவரி 1999, சனிக்கிழமை

ஐலிக்கு,

ரஸ்ஸலிடம் போய்க் கேட்டாயா! அவன் டயாபர் கட்டித் திரிந்த காலத்தில் நான் இன்ஜின் பிரித்து மாட்டியவன். ஒன்றரை அங்குலம் என்றானா? சொந்தக் கருத்து இல்லாதவர்கள் போடும் பட்டை அது. உன் இரண்டு அங்குலத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதில் ஒரு பிடிவாதமாவது இருக்கிறது.

கிழித்து அனுப்பிய பக்கத்தைப் படிக்கவில்லை. அடுப்பு மூட்டத் தாள் இல்லாமல் இருந்தது. அது கைக்கு வந்தபோது வெளிச்சம் நன்றாக இருந்ததால் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். கீழே 'மாட்டும் முறை அடுத்த பக்கத்தில்' என்று போட்டிருந்தது. முப்பத்தொரு வருடம் மாட்டியவனுக்கு அடுத்த பக்கம் எதற்கு?

இன்று சனிக்கிழமை, ஆவிக்குளியலுக்குச் சவுனா மூட்டினேன். ஒரு ஆளுக்கு மூட்டுவது விறகுக்குக் கேடு. பழக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் கொண்டுபோய்விட்டேன். இரண்டாவதை என்ன செய்வதென்று தெரியவில்லை, கல்லில் எல்லாவற்றையும் ஊற்றினேன். ஆவி தாங்க முடியாமல் வெளியே ஓடிவந்தேன். நீ இருந்திருந்தால் "மெதுவா ஊத்துங்க" என்று சொல்லியிருப்பாய். நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லியிருப்பாய்.

விழுந்ததில் அடி ஒன்றும் இல்லையே?

ரெய்னோ கங்காஸ்

லூன் ஏரிக்கரை
6 பிப்ரவரி 1999

ஐலிக்கு,

இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. தபால் பெட்டியைத் திறந்து உள்ளே கையைவிட்டு மேல் தகட்டைக்கூடத் தடவிப் பார்த்தேன். தகரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

ஒரு செய்தி. ஒட்டுப் போட்ட பட்டை முழுசாக அறுந்துவிட்டது. ரஸ்ஸலின் கடையில் குட்டைப் பட்டை கைவசம் இல்லை. இருந்ததா என்று நான் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். கழகத்து இழுவைக்காரன் சாலை முனைக்கு வரும்போது கொண்டுவரட்டும் என்று எழுதிப்போட்டேன். நூற்று முப்பத்தாறு அங்குலம், இரண்டு அங்குலப் பல், அதற்கேற்ற நீளச் சட்டம். இது உனக்காக என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளியே கை விறைக்கிறது. ஆகவே வண்டியைச் சமையலறைக்குள் கொண்டுவந்து மாட்டினேன். கதவுச் சட்டத்தைக் கொஞ்சம் கழற்றவேண்டியிருந்தது. கொஞ்சம் என்றால் முழுதும். உன் நீலத் திரை பத்திரம். மேசைவிரிப்பு பற்றி நேரில் பேசலாம்.

மாட்டி முடித்து, வீட்டுக்குப் பின்னால் யாரும் மிதிக்காத சரிவில் ஏற்றிப் பார்த்தேன். ஏறவில்லை! பனியை அள்ளிப் பின்னால் தள்ளாமல், தடவிக் கொடுக்கிறது. நின்ற இடத்திலேயே கிணறு தோண்டியது. தற்செயலாகப் பின்னோக்கி கியர் போட்டேன். சிங்கம் மாதிரி ஏறியது. முன்னே போகாமல் பின்னே மட்டும் போகும் பட்டையை இரண்டு அங்குலம் என்று விற்கிறார்கள். நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது. உன் புத்தகத்தை நீயே அடுப்பில் போடு.

உடம்பு சுகம்தானே? அதை மட்டுமாவது எழுது.

ரெய்னோ

ஹான்காக்
10 பிப்ரவரி 1999

ரெய்னோவுக்கு,

காய்ச்சல். ஹெல்மிக்கு வந்து எனக்கும் வந்தது. பேனா பிடிக்க முடியாமல் கிடந்தேன், இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை ஹெல்மிதான் படித்துக் காட்டினாள். பின்னோக்கி கியர் வந்ததும் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்து அவள் பயந்துபோனாள்.

"அக்கா, அத்தான் பட்டைய..."

"சொல்லாத. அவரே கண்டுபிடிக்கட்டும்."

"எப்பக்கா கண்டுபிடிப்பாரு?"

யோசித்தேன். சொல்லிவிடுவதே நல்லது. நாற்பத்து மூன்றாம் பக்கம், படம் மூன்று. உயரப் பல் ஒரு பக்கம் குழிந்திருக்கும். அந்தக் குழி பனியை அள்ளும் பக்கம் பார்க்க வேண்டும். பட்டை சுழல வேண்டிய திசையைக் காட்ட அதன் மேல் அம்புக்குறி இருக்கும். நீங்கள் இத்தனை வருடமாகப் போட்ட குட்டைப் பல்லுக்கு முன்பின் கிடையாது, எப்படி மாட்டினாலும் ஓடியது. இது அப்படி இல்லை. கூரைப் பனி அள்ளும் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கரண்டி சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டுகிறீர்கள்.

வெளியே போய் அம்பைப் பாருங்கள். திட்டிவிட்டுப் பாருங்கள், பரவாயில்லை.

மேசைவிரிப்பு என் அம்மா நெய்தது.

ஐலி

லூன் ஏரிக்கரை
13 பிப்ரவரி 1999

அன்புள்ள ஐலிக்கு,

காய்ச்சல் விட்டது அறிந்து நிம்மதி. வெந்நீர் குடி. ஹெல்மி வீட்டு மாடியறை ஜன்னலில் காற்று வரும், 1987லேயே சொன்னேன்.

அம்பைப் பார்த்தேன். அதுபற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொந்தக் காரணங்களுக்காகப் பட்டையைக் கழற்றி மறுபடி மாட்டினேன். இப்போது வண்டி சரிவில் ஏறுகிறது. முன்னோக்கி.

ஆனால் இதைக் கேள். அதே வண்டியைத் தபால் பெட்டிக்கு ஓட்டிப்போனேன். பாதி வழியில் பிளாஸ்டிக் தீயும் நாற்றம். சறுக்கு உருகுகிறது! இறங்கிக் காலால் உதைத்துப் பார்த்தேன். வழி முழுக்கக் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. ஒரே கோட்டில் தினமும் போனால் பனி அழுந்தி, மறுநாளைக்குள் உறைந்து கெட்டியாகிவிடும், உனக்குத் தெரியும். முதல் கடிதம் போட்ட நாளிலிருந்து இன்றோடு முப்பத்தொன்பது நாள், ஒரு நாள் விடாமல் போய் வந்திருக்கிறேன். பட்டை கழற்றிக் கிடந்த நாட்களில் பனிமிதியடி கட்டி நடந்தேன். கழகத்துத் தடம்கூட இவ்வளவு நன்றாக இல்லை. இப்போது அதில் உயரப் பல் தேவையே இல்லை. ஒரு அங்குலமே ஏராளம். சறுக்கு ஆறட்டும் என்று ஓரத்து மெதுபனியில் இறக்கி இறக்கி ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஆக, முதலிலிருந்தே நான் சொன்னதுதான் சரி. நீ நாலு வாரம் முன்பே வந்திருக்கலாம்.

கதவுச் சட்டத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். கொஞ்சம் காற்று வருகிறது.

ரெய்னோ

ஹான்காக்
17 பிப்ரவரி 1999

அன்புள்ள ரெய்னோவுக்கு,

அடிக்கவில்லை, பாருங்கள்.

உங்கள் கடிதத்தை நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது நாளில் வியாழக்கிழமை ஆறுதான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து. ஞாயிற்றுக்கிழமை தபாலே கிடையாது. அன்றைக்கும் போயிருக்கிறீர்கள்.

நான் இதற்குமேல் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் மறுத்து எழுதுவீர்கள், அது வந்து சேர இன்னும் மூன்று நாளாகும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஹெல்மி என்னைத் தபால் பெட்டி அருகே இறக்கிவிடுவாள். பெட்டி ஒன்று, பானை ஒன்று, ஏலக்காய் ரொட்டி நான்கு. எந்தப் பட்டை வேண்டுமானாலும் போட்டு வாருங்கள். பல் ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ, அது உங்கள் பாடு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் விழுந்தால் நீங்கள் நிற்க வேண்டும். புதைந்தால் புதையட்டும், சேர்ந்து தோண்டுவோம். கையை மட்டும் ஆட்டாதீர்கள்.

பாதாம் எனக்குத்தான் கிடைத்தது. பாதியைக் கடித்தேன். மீதிப் பாதி பானைக்குள் தாளில் மடித்து இருக்கிறது.

உங்கள்
ஐலி

தபால் பெட்டி
20 பிப்ரவரி, காலை ஒன்பது மணி

உறைமேல்: தபால்காரர் இதை எடுக்க வேண்டாம். இது எங்கும் போகவேண்டியதில்லை, இங்கேயே என் மனைவி வருவாள்.

ஐலி,

நேற்றிலிருந்து ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டித் தீர்த்துவிட்டது. முப்பது அங்குலம். என் தடம் போன இடம் தெரியவில்லை. ஆறு வாரத்து வேலை. இதற்கு நான் யாரிடம் போய்க் கேட்பது?

வேறு வழியில்லாமல் உன் இரண்டு அங்குலப் பல்லில் வந்தேன். ஒரு இடத்திலும் புதையவில்லை. இதை வைத்து நீ சரி, நான் தப்பு என்று ஆகிவிடாது. முப்பது அங்குலம் எல்லா நாளும் பெய்யாது.

வரும் வழியில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு முறை இல்லை, பதினொரு முறை. பதினொரு முறையும் கிளம்பியது. கடைசியாக அந்தப் பிர்ச் மரங்களுக்கு இந்தப் பக்கம், அன்று நீ தள்ளிய இடத்தில் நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். இறங்கி நின்று பார்த்தேன். எனக்கே இடுப்புக்கு மேல் வந்தது. அங்கிருந்து கத்தினால் உற்சாகம் மாதிரிக் கேட்காது. அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டேன். திரும்பிப் போய் சவுனாவை மூட்டிவிட்டு வருகிறேன், நாம் போய்ச் சேரும்போது கல் சூடாக இருக்கும். இரண்டு வாளி தண்ணீர் எடுத்து வைக்கிறேன். இந்தக் கடிதம் கண்ணில் படட்டும் என்று பெட்டியின் சிவப்புக் கொடியைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

நீ முந்தி வந்துவிட்டால் ஹெல்மியின் காரிலேயே உட்கார். இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். என் வண்டித் தடம் தெரிகிறதே, கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

ஒரு அடிகூட நடக்காதே. நான் வருவேன். வந்து நிற்பேன்.

ரெய்னோ